வலம்புரி இடம்புரியானது

அந்தக் கல்லின் சுருள் அன்றைக்கு எந்தப் பக்கமாக ஓடியது என்று இப்போது கேட்டால் முத்தமிழ்செல்வன் சட்டென்று பதில் சொல்ல மாட்டார். வலது கையை உயர்த்திக் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்ப்பார். பிறகு இடது கையால் ஒன்று போடுவார். இரண்டும் அவருக்குச் சரியாகத்தான் படும். அவரிடம் கேட்டுத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகையால் சில இடங்களில் வலமும் இடமும் மாறியிருக்கலாம். நடந்த விஷயம் மாறவில்லை என்று நம்புகிறேன். முழு நிச்சயம் கிடையாது.

கார்த்திகை மாதம் என்பதும், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற தனியார் பஸ்ஸில் நர்மதா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் என்பதும் நிச்சயம்.

நர்மதாவுக்குப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு செல்போன் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ். கொலை, கொள்ளை என்று பெரிதாக எதுவும் வருவதில்லை. மாப்பிள்ளை துபாயில் என்ன வேலை பார்க்கிறார், பெண்ணுக்கு ஏற்கெனவே நிச்சயம் ஆகி முறிந்ததா என்கிற மாதிரியான விசாரணைகள்தான். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவர் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

முத்தமிழ்செல்வன் அவளுடைய உதவியாளர். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இதே தடத்தில் கண்டக்டராக இருந்தவர். ஒரு சடன் பிரேக்கில் பஸ் கதவு முகத்தில் மோதி மூக்கு இடது பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்டக்டர் வேலையை விட்டார். கண்டக்டர் பேச்சை விடவில்லை.

"மேடம், பேரளி தாண்டியாச்சு. ஏறுனதுலேர்ந்து நீங்க ஒரு வார்த்தை பேசல. டிக்கெட் எடுக்காதவங்கதான் இப்படி வெளியவே பாத்துக்கிட்டு வருவாங்க."

நர்மதா வெளியேதான் பார்த்தாள். பருத்திக்காடுகள் போயின. மக்காச்சோளக் காடுகள் போயின. ஒரு சிமெண்ட் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு முந்தியது.

"அண்ணே, ஒரு கல்லு தானா திரும்புமா?" என்று கேட்டாள்.

"கல்லு திரும்பாது மேடம். கல்லு மேல ஏறுன பஸ்சு திரும்பும். நான் பாத்திருக்கேன்."



*

ஜெயங்கொண்டம் ரோட்டில் இருந்தது கமலவேணி மகால். முகப்பில் நின்ற இரண்டு வெள்ளை யானைகள், லாரிப் புழுதியில் நிஜ யானைகளின் நிறத்துக்கு வந்திருந்தன. மகாலின் சொந்தக்காரி கமலவேணியே வாசலில் நின்றார். கணவர் இறந்த பிறகு மகாலையும் மகளையும் ஒரே குரலில் அதட்டி நடத்தி வருகிறவர்.

"செருப்பை அங்கயே வுட்டுட்டு வாங்க. கல்லு உள்ள இருக்கு."

வரவேற்புக் கூடத்துச் சுவரில் ஒரு மாடம். மாடத்துக்குக் கண்ணாடிக் கதவு, பூட்டு. முன்னால் யாரும் கிட்டே போகாதபடி சிவப்புக் கயிறு. உள்ளே பெரிய தோசைக்கல் அளவில் ஒரு பழுப்புக் கல் நிமிர்ந்து நின்றது. அதில் நத்தை மாதிரி ஒரு சுருள், விரல் விரலாக வரிகளோடு, புடைத்துக்கொண்டு தெரிந்தது. எப்போதோ இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்தபோது வாழ்ந்து கல்லாகிப்போன பிராணி. ஓடைக்கரையில் கிணறு வெட்டும்போது கமலவேணியின் கணவர் கண்டெடுத்தது.

"கடப்பாரை பட்டு ரெண்டா பொளந்துச்சு. சங்கு இருந்த பாதிய அவரு கொண்டாந்து வெச்சாரு. மத்ததெல்லாம் கொல்லைல போட்டோம். உள்ளேருந்து வெளிய வலப்பக்கமா சுத்தும்ங்க. வலம்புரி. இந்த மகால்ல தாலி கட்டுற ஜோடி எல்லாம் இது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுதான் போவும்."

"இப்ப?"

"நீங்களே பாருங்களேன்!" கமலவேணியின் குரல் உடைந்தது. "இடம்புரி ஆயிடுச்சு!"

போன வருஷத்துக் கல்யாணப் படம் ஒன்றைப் போனில் காட்டினார். மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. அவர்களுக்கு நடுவே கல். முத்தமிழ்செல்வன் போனையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் சுருள் ஒரு பக்கம் ஓடியது. மாடத்தில் நேர் எதிர்ப்பக்கம்.

"செல்பியா இருக்கும்மா. செல்பில எல்லாம் திரும்பித்தான் விழும். என் மூக்கே செல்பில வலது பக்கம் சாஞ்சிருக்கும்."

நர்மதா படத்தின் மூலையில் விரலை வைத்துப் பெரிதாக்கினாள். மகாலின் பெயர் எழுத்துகள் நேராகவே இருந்தன.

"அப்ப எவனோ கல்லை முன்ன பின்னத் திருப்பி வெச்சுட்டான்."

"பின்பக்கம் வெறும் பாறைங்க," என்றார் கமலவேணி. "அதுல சங்கே கெடையாது."

முத்தமிழ்செல்வனிடம் விளக்கம் என்று இருந்த இரண்டு டிக்கெட்டும் தீர்ந்துபோயின.

விஷயம் இதுதான். கமலவேணியின் ஒரே மகள் வினோதினிக்கு உடையார்பாளையத்தில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். முந்திரித் தோப்புக்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா லீலாவதி போன ஞாயிற்றுக்கிழமை வேறொரு கல்யாணத்துக்கு இந்த மகாலுக்கு வந்தவர், கயிற்றருகில் நின்று, "இது இடம்புரியில்ல?" என்று கேட்டுவிட்டார். நாலு பேர் காதில் விழுந்துவிட்டது. இன்று சாயங்காலம் மகனோடு வந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

"எனக்கு ஒண்ணு தெரியணும்ங்க," என்றார் கமலவேணி. "கல்லு தானா திரும்பியிருந்தா, சாமியே வேண்டாங்குது. கல்யாணம் இல்ல. எவனாவது மாத்தியிருந்தா கல்யாணம் உண்டு. மாத்துனவனுக்கு ஸ்டேஷன் உண்டு. சாவி ரெண்டு. ஒண்ணு என் பூஜை ரூம்ல. இன்னொண்ணு இந்தா நிக்கிறானே, இவன்கிட்ட."

தூணோரம் நின்ற தர்மராஜ் கையைக் கட்டிக்கொண்டார். மகாலுக்கு வாட்ச்மேனும் அவரே, லைட் வேலை பார்ப்பவரும் அவரே. பின்கட்டில் ஒரே அறையில் மனைவியோடு குடியிருந்தார்.

"சாயங்காலம் அவங்க வரதுக்குள்ள கல்லு எங்கன்னு தெரியலைன்னா இவன ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு, ரூமையும் காலி பண்ணச் சொல்லிடுவேன்."

"மொதலாளியம்மா, அது தானாத்தான் திரும்புது," என்றார் தர்மராஜ் மெதுவாக. "நான் கண்ணால பாக்குறேன். நான் இந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் திரும்புது. அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் திரும்புது. என்னையவே பாக்குது."

"பாத்தீங்களா? குடிச்சிருக்கான்."

"நான் குடிக்கிறதில்லீங்கம்மா. உங்களுக்கே தெரியும்."

"திறந்து பாக்கலாமா?" என்றாள் நர்மதா.

"ஆகாது! தெச மாறுன கல்லப் பரிகாரம் பண்ணாம கையால தொடக் கூடாது. எங்க வூட்டு வழக்கம்."

"இதுக்கு முன்னாடி எப்பங்க தெச மாறுச்சு?" என்று கேட்டார் முத்தமிழ்செல்வன்.

"மாறுனதே இல்ல."

"அப்புறம் எப்படிங்க வழக்கம்?"

கமலவேணி பார்த்த பார்வையில் அவர் மூக்கு இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

*

கமலவேணி சமையல்கட்டைப் பார்க்கப் போனதும் நர்மதா கயிற்றருகில் போய் நின்றாள். நின்றாள் என்றால், நின்றுகொண்டே இருந்தாள். முத்தமிழ்செல்வனுக்கு இந்த மாதிரி நேரங்கள்தான் கஷ்டம். பஸ் நடுக்காட்டில் நின்றுபோனால் பயணிகள் கண்டக்டரைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு தவிப்பு.

"அண்ணே, அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடிக்கு நடங்க. கண்ணைக் கல்லு மேலயே வெச்சுக்கிட்டு."

நடந்தார். பாதி தூரத்தில் கால் தானாக நின்றது. திரும்பி நடந்தார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி நெற்றியில் விபூதி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மேடம். திரும்புது."

"எந்தப் பக்கம்?"

"நான் போற பக்கமெல்லாம். கல்லு என்னய செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி பாக்குது. வாங்க, அடுத்த பஸ்ஸப் புடிப்போம்."

நர்மதா சிரிக்கவில்லை. தர்மராஜைப் பார்த்து, "நீங்க சொன்னது சரிதான். திரும்புது," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அந்த மனிதரின் கண் கலங்கிவிட்டது. அதுவரை யாரும் அவரை நம்பியிருக்கவில்லை.

"மேல இருக்குற லைட்டு எரியலையே?"

"பீஸ் போயிடுச்சு போலருக்குங்க. யாரோ கீழ ஒரு பட்டை லைட்டு ஒட்டியிருக்காங்க. டெக்கரேஷன் பசங்கன்னு நெனச்சேன். நல்லாத்தான் எரியுதேன்னு வுட்டுட்டேன்."

மாடத்தின் அடிப்பக்கத்து விளிம்போடு ஒட்டிய வெள்ளை விளக்கு, கல்லின் மேல் கீழிருந்து வெளிச்சம் வீசியது. சுருளின் நடுவே, மிக உயரமாகப் புடைத்துத் தெரிந்த இடத்தில், மெல்லிய வெள்ளைப் பூச்சு.

"அதான் அம்மா பயந்துட்டாங்க," என்றார் தர்மராஜ். "யாரும் வெக்காமலே விபூதி பூத்திருக்காம்."

*

மகாலின் பக்கவாட்டில் மணமகள் அறை. வினோதினி அங்கேதான் இருந்தாள். மணப்பெண் அலங்காரம் அவள் தொழில். அரியலூர், செந்துறை, உடையார்பாளையம் என்று எல்லா ஊர் மணப்பெண்களும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள். வளையம் மாதிரி இருந்த ஒரு விளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நகங்களில் அழகான சிவப்பு. ஒரு விரலில் மட்டும் நகம் ஒட்ட வெட்டியிருந்தது.

"வாங்கக்கா. கல்லப் பாத்தீங்களா? என்ன சொல்லுது?"

"உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதமா?" நர்மதா நேராகக் கேட்டாள்.

வினோதினி விளக்கைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "கல்லுதான் சம்மதம் சொல்லணும். என்னை யாரு கேட்டா? கல்யாணத்துக்கப்புறம் மேக்கப் பொட்டிய மூட்ட கட்டி வெச்சுடணுமாம். தோப்புக்காரங்க வூட்டு மருமக ஊரான் மூஞ்சிக்கு பவுடர் போடக் கூடாதாம்." பிறகு முத்தமிழ்செல்வன் பக்கம் திரும்பிச் சட்டென்று சிரித்தாள். "அண்ணே, ஒக்காருங்க. உங்க மூக்க நேராக்கித் தரேன்."

"டாக்டரே கைய விரிச்சுட்டாரும்மா."

"டாக்டர் எலும்பப் பாப்பாரு. நான் லைட்டப் பாப்பேன்."

மூக்கின் ஒரு பக்கம் கருப்பாக ஒரு தீற்று. நடுவே வெளிச்சமாக ஒரு கோடு. விரலால் ஒரு தேய்ப்பு. வளைய விளக்கை முகத்துக்கு நேரே வைத்துக் கண்ணாடியைத் திருப்பினாள். முத்தமிழ்செல்வன் தன்னையே அடையாளம் தெரியாமல் பார்த்தார். மூக்கு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. கதவு மோதாமலே இருந்திருந்தால் தான் எப்படி இருந்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தார். பிறகு நாலு செல்பி எடுத்துக்கொண்டார்.

"இந்த லைட்டைக் கீழ வெச்சா எப்படி இருக்கும்?" என்றாள் நர்மதா.

"ஐயோ, கீழேருந்து அடிச்சா ரம்பையும் பேயாயிடுவா. மேடெல்லாம் குழியா தெரியும், குழியெல்லாம்..."

வினோதினி நிறுத்திக்கொண்டாள். விளக்கைத் துடைத்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

நர்மதா கதவுப்பக்கம் திரும்பினாள். "கொல்லைப்பக்கம் எப்படிப் போகணும்?" என்றாள்.

கொல்லையில் வெயில் சாய்வாக அடித்தது. குழாயடியில் தர்மராஜ் வாளி கழுவிக்கொண்டிருந்தார். முத்தமிழ்செல்வன் மூக்கை உயர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி அவர் எதிரே போய் நின்றார்.

"எப்படி இருக்கேன்?"

தர்மராஜ் உற்றுப் பார்த்தார். "மூக்குல என்னங்க கரி? சமையல்கட்டுப் பக்கம் போனீங்களா?"

"கரியா! நேரா இல்ல?"

"சாஞ்சுதாங்க இருக்கு. கரியோட சாஞ்சிருக்கு."

நர்மதா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று முத்தமிழ்செல்வன் சத்தியம் செய்வார்.

வேப்பமரத்தடியில் மைனாக்கள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு தட்டையான பாறைமேல் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தது. ஒரு மைனா விளிம்பில் உட்கார, கிண்ணம் ஆடிக் கவிழப் பார்த்தது. மைனா அலறிப் பறந்தது.

"இது பேஷியல் போடக் கலக்குற கிண்ணம்ல?" என்றாள் நர்மதா.

"ஆமாங்க. இத்தன நாளா ஒரு கல்லுக்குழியிலதான் குருவிங்களுக்குத் தண்ணி ஊத்துவேன். ரெண்டு வாரமா இந்தக் கிண்ணம் இருக்குது. வினோதினி பாப்பா வெச்சிருக்கும்."

நர்மதா அவர் கழுவி வைத்த வாளிக்குள் பார்த்தாள். தேய்த்தும் போகாத வெள்ளைப் படிவு வட்டமாக ஒட்டியிருந்தது. அரியலூர் போர்வெல் தண்ணீர் எந்தப் பாத்திரத்தையும் விட்டுவைப்பதில்லை. பிறகு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து, சாயங்காலம் வரைக்கும் மைனாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்தமிழ்செல்வன் மூக்கைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், எனக்குப் புரிஞ்சுடுச்சு. டெக்கரேஷன் பசங்கதான். லைட்டு ஒட்டுனவன்தான் கல்லத் தூக்கியிருக்கான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல வெச்சு அமுக்கிடலாம்."

"டெக்கரேஷன் பசங்க குருவிக்குத் தண்ணி வெப்பாங்களா அண்ணே?"



*

லீலாவதி பட்டுப்புடவை சரசரக்க வந்தார். பின்னால் மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன், கையில் முந்திரி டப்பாவோடு. கமலவேணி வரவேற்கிற அவசரத்தில் இரண்டு தடவை, "வாங்க சம்பந்தி," என்று சொல்லிவிட்டு, அது சரியா என்று தெரியாமல் நின்றார். வினோதினி தூணருகில். தர்மராஜ் வாசல் பக்கம். தெருவில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இடம்புரிதான்," என்றார் லீலாவதி, கயிற்றருகில் நின்று. "அன்னைக்கு நான் பாத்தது சரிதான்."

"மாத்திட்டான் சம்பந்தி! இந்தத் தர்மராஜுதான். இப்பவே போலீசக் கூப்புடுறேன்." கமலவேணி போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் நர்மதா. "அந்தக் கீழ் லைட்டை அணைங்க."

தர்மராஜ் சுவிட்சைத் தட்டினார். கூடம் இருண்டது. நர்மதா கயிற்றைத் தாண்டிப் போய், போன் டார்ச்சைக் கண்ணாடியின் மேல்விளிம்பில் வைத்து, வெளிச்சத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்தாள்.



புடைத்துக்கொண்டிருந்த சங்கு உள்ளே விழுந்துவிட்டது. சங்கே இல்லை. சங்கு இருந்த இடத்தின் குழிதான் இருந்தது. உச்சியில் பூத்திருந்த விபூதி, குழியின் அடியில் உப்புக்கறையாகக் கிடந்தது.

"சூரியன் மேலதான இருக்கு," என்றாள் நர்மதா. "அதனால வெளிச்சம் எப்பவும் மேலேருந்துதான் வரும்னு கண்ணு அதுவா எடுத்துக்கும். நெழல் கீழ விழுந்தா மேடு, மேல விழுந்தா பள்ளம். கீழேருந்து லைட்டு அடிச்சா கணக்கு தலைகீழாயிடும். குழிய மேடுன்னு நெனச்சு பாத்துக்கிட்டே நடந்தா, அது நம்மகூடவே திரும்புற மாதிரி இருக்கும். தர்மராஜ் பொய் சொல்லல. யாரும் தொடக் கூடாதுன்னு வழக்கம் வேற. தொட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

கமலவேணி கண்ணாடியோடு முகத்தை ஒட்டினார். "இது... இது நம்ம கொல்லைல குருவி தண்ணி குடிக்கிற கல்லு!"

"அதேதான். ரெண்டா பொளந்ததுல இன்னொரு பாதி. முத்திரை குத்துற மாதிரிதான், மேடு வலப்பக்கம் சுத்துனா அது பதிஞ்ச குழி இடப்பக்கம்தான் சுத்தும்."

"அப்ப என் வலம்புரி?"

"கொல்லைலதான் இருக்கு. வேப்பமரத்தடியில கவுந்து கெடக்கு. அது முதுகு மேல மைனா தண்ணி குடிக்குது."

"யாரு வேல இது?" கமலவேணி திரும்பினார். "லைட்டு வேல தெரிஞ்சவன்தான செஞ்சிருக்கணும்! டேய் தர்மராஜு!"

எல்லோரும் நர்மதாவைப் பார்த்தார்கள். அவள் டார்ச்சை அணைத்துப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு பெயரும் சொல்லவில்லை.

முத்தமிழ்செல்வனுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ரோஸ் கிண்ணம், ஒட்ட வெட்டிய நகம், 'குழியெல்லாம்' என்று பாதியில் நின்ற பேச்சு, எல்லாம் அந்த நொடியில்தான் அவருக்கு வரிசையாக வந்து ஏறின. வாயைத் திறந்தார். நர்மதா அவரைப் பார்க்கவில்லை. ஆனால் அவளுடைய மௌனத்தை அவர் இத்தனை நாள் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்தவர். இது யோசிக்கிற மௌனம் இல்லை, யாரோ ஏறுவதற்காக நிறுத்தி வைத்திருக்கிற பஸ் என்று புரிந்தது. வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

கூடம் இருட்டாகவே இருந்தது. யாருக்கும் விளக்கைப் போடத் தோன்றவில்லை. வெளியே லாரிகள் போயின. தர்மராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நான்தாம்மா."

வினோதினி தூணைவிட்டு வந்தாள்.

"தர்மராஜ் அண்ணன வுடு. உன் பூஜை ரூம் சாவிய எடுத்து நான்தான் மாத்துனேன், கீழ லைட்டு ஒட்டுனதும் நான்தான். அவரு மேல பழி வரும்னு எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா. கல்லு தானா திரும்பிடுச்சுன்னுதான் எல்லாரும் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"ஏன்டி? ஏன்டி இப்படி?"

"நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன், மேக்கப் வேலய வுடணும்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்னு. நீ காதுலயே வாங்கல. கல்லு சொன்னாலாவது கேப்பன்னு பாத்தேன்."

கமலவேணி பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் மகளின் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"அந்தக் கனத்த ஒத்தையாவா தூக்குன? நகம் பேந்திருக்கு பாரு."

இதற்குள் மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன் யாரையும் கேட்காமல் கீழ் விளக்கைப் போட்டுவிட்டுக் கயிற்றுக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார். "அம்மா, நெசமாவே திரும்புதும்மா! நீயும் வந்து நடந்து பாரேன்!"

"நீ சும்மா இருடா." லீலாவதி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வினோதினியை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லு வேண்டாம்னுச்சுன்னு எந்திரிச்சுப் போயிருந்தா, என் புள்ளைக்கு ஏதோ தோஷம்னு ஊரு பேசும். பொண்ணு வேண்டாம்னுட்டான்னு போறேன். இது எவ்வளவோ தேவல. டப்பாவ அங்க வெச்சுட்டு வாடா."

அவர் போகும்போது ஒரு தடவை, யாரும் பார்க்காத மாதிரி, கயிற்றோரம் மெதுவாக நடந்து கல்லைப் பார்த்துக்கொண்டே போனார். முத்தமிழ்செல்வன் பார்த்துவிட்டார்.

கமலவேணி எழுந்தார். தர்மராஜைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத குரலில், "தர்மராஜு... கொல்லைல அந்தக் கல்லு கெடக்காம். தொடச்சு எடுத்துட்டு வா," என்றார்.

தர்மராஜ் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"பரிகாரம் பண்ணாம தொடலாங்களாம்மா?"

முதலில் சிரித்தது வினோதினிதான்.

*

"மத்தியானமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல?" என்றார் முத்தமிழ்செல்வன், திரும்பும் பஸ்ஸில். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

பேரளி வந்தது. போனது.

"நான் சொல்லியிருந்தா அவ மாட்டிக்கிட்ட பொண்ணு ஆயிருப்பா அண்ணே," என்றாள் நர்மதா. "இப்ப சொன்ன பொண்ணு ஆயிட்டா."

அந்தத் தை மாதம் அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. கோகுலகிருஷ்ணன் அடுத்த வருஷம் செந்துறைப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்தது வினோதினி, அழைத்தது லீலாவதி. வினோதினி பெரம்பலூரில் கடை போட்டிருக்கிறாள், இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கமலவேணி மகளிடம் பொங்கல் வரைக்கும் பேசவில்லை, பிறகு பேசினார். மாடத்தில் இப்போது இரண்டு பாதியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, விளக்கு மேலே எரிகிறது. மைனாக்களுக்கு ஒரு சிமெண்ட் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். தர்மராஜ் அதே வேலையில், அதே அறையில் இருக்கிறார். அவரைக் குடிகாரன் என்று யாரும் சொல்வதில்லை. நர்மதாவின் ஆபீஸ் அதே மாடியில் இருக்கிறது. முத்தமிழ்செல்வனின் போனில் அந்த நாலு செல்பியும் இருக்கின்றன. மூக்கு சாய்ந்தே இருக்கிறது.